ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்கள்: எஸ்கியூஎல் சர்வர் இங்கே சறுக்குகிறது

பல வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸ்களை ஒரே எஸ்கியூஎல் சர்வரில் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) வைத்து நடத்துகிறவர்களுக்காக எழுதுகிறேன். வேகம், பேக்கப், கருவிகள் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த மென்பொருள்தான். யார் கண்ணுக்கு எந்த டேட்டாபேஸ் தெரிய வேண்டும் என்பதை மட்டும் அரைகுறையாக விட்டுவைத்திருக்கிறார்கள்.

புதிதாக ஒரு லாகின் (நுழைவுக் கணக்கு) உருவாக்கினாலே அதற்குச் சர்வரில் உள்ள எல்லா டேட்டாபேஸ் பெயர்களும் தெரியும், ஏனென்றால் 'வியூ எனி டேட்டாபேஸ்' உரிமை எல்லா லாகின்களும் தானாகவே சேர்ந்துவிடும் பப்ளிக் ரோலுக்கு முதலிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே நுழையப் பார்த்தால் 916 பிழை வந்து தடுக்கும், தரவு பத்திரம்தான். ஆனால் வாடிக்கையாளர் பெயரையே டேட்டாபேஸுக்கு வைத்திருந்தால், உங்களிடம் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பது போட்டியாளருக்குப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

சரி, அந்த உரிமைக்கு டினை (மறுப்புக் கட்டளை) போடலாமா? போட்டால் சர்வரின் சொந்த டேட்டாபேஸ்களான மாஸ்டர், டெம்ப்டிபி, அப்புறம் அந்த லாகினே ஓனராக உள்ளவை மட்டும்தான் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ என்ற நிர்வாகக் கருவியில் வரும். படிக்க, எழுத அனுமதி கொடுத்த டேட்டாபேஸும் பட்டியலில் இருக்காது, பெயர் தெரிந்தவர் யூஸ் கட்டளை கொடுத்துப் போய்க்கொள்ள வேண்டியதுதான். ஓனராக்கிவிடு என்று சிலர் யோசனை சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை: ஒரு டேட்டாபேஸுக்கு ஒரே ஓனர்தான், அவர் நினைத்தால் அதை டிராப்பும் செய்யலாம், அதாவது மொத்தமாக அழித்துவிடலாம்.

2012 பதிப்பில் வந்த கன்டெய்ன்டு டேட்டாபேஸ்தான் உருப்படியான வழி. யூசர் அந்த டேட்டாபேஸுக்குள்ளேயே இருப்பார், மற்ற வாடிக்கையாளர்களின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. இணைக்கும்போதே டேட்டாபேஸ் பெயரைக் கொடுக்க வேண்டும், ஒரே ஆளுக்கு இரண்டு டேட்டாபேஸ் வேண்டுமென்றால் தலைவலி.

இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் இதில் எவ்வளவோ மேல். எந்த உரிமையும் இல்லாத டேட்டாபேஸ் 'ஷோ டேட்டாபேஸஸ்' பட்டியலில் வரவே வராது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: உரிமை கொடுக்கும் கிராண்ட் கட்டளையில், டேட்டாபேஸ் பெயரில் வரும் அண்டர்ஸ்கோர் (_) எந்த ஓர் எழுத்துக்கும் பொருந்தும், அதனால் கடை_1-க்குக் கொடுத்த உரிமை கடை21-க்கும் போய்விடும். அண்டர்ஸ்கோருக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் (\) போட்டால் தீர்ந்தது.

மற்றொரு டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் பெயர்களை மறைப்பதே இல்லை. பப்ளிக்கிடமிருந்து கனெக்ட் உரிமையைப் பறித்தால் நுழைவது நிற்கும், பட்டியல் அப்படியே தெரியும். அதன் நிர்வாகக் கருவியான பிஜிஅட்மினில் உள்ள வடிகட்டி அந்தத் திரைக்கு மட்டும்தான். அங்கே டேட்டாபேஸுக்கு வாடிக்கையாளர் பெயர் வைக்காமல் எண் வைத்துவிடுங்கள்.