மால் கம்பெனியை எடைபோட எஃப்.எஃப்.ஓ.வா, என்.ஏ.வி.யா, ஏ.எஃப்.எஃப்.ஓ.வா?

மால் கட்டி வாடகை வாங்கும் கம்பெனி திடமாக இருக்கிறதா என்று பார்க்க நான்கு அளவுகோல்கள் புழக்கத்தில் உண்டு. நிகர லாபம், வாடகைத் தொழிலில் வரும் பணத்தைக் காட்டும் எஃப்.எஃப்.ஓ. (Funds From Operations), சொத்து மதிப்பில் கடனைக் கழித்து வரும் என்.ஏ.வி. (Net Asset Value), எல்லாச் செலவும் போக மிஞ்சும் ஏ.எஃப்.எஃப்.ஓ. (Adjusted FFO). என் ஓட்டு கடைசியதற்குத்தான். கணக்குப் போடக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஆனால் மால் தொழிலில் பணம் ஒழுகும் ஓட்டை எங்கே என்று அது ஒன்றுதான் காட்டுகிறது.

நிகர லாபத்தைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். அமெரிக்கக் கணக்கு முறையில் கட்டடத்துக்கு வருடா வருடம் தேய்மானம் கழிப்பார்கள். நல்ல இடத்தில் உள்ள மால் விலை ஏறிக்கொண்டே போனாலும் ஏட்டில் தேய்ந்துகொண்டே வரும். சர்வதேசக் கணக்கு முறையின் ஐ.ஏ.எஸ். 40 விதிப்படி சந்தை மதிப்பில் கணக்கு வைக்கும் கம்பெனிக்குத் தேய்மானமே கிடையாது. மதிப்பீட்டாளர் விலையை ஏற்றினால் லாபம், இறக்கினால் நட்டம். கைக்கு வந்ததும் இல்லை, கையை விட்டுப் போனதும் இல்லை. இந்த இரண்டு வகைக் கம்பெனிகளின் நிகர லாபத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது முழக்கோலையும் படியையும் ஒப்பிடுகிற கதை.

இதைச் சரிசெய்ய அமெரிக்காவில் ரீட்களின் (வாடகைச் சொத்துகளை வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனங்கள்) சங்கமான நாரீட் 1991-ல் எஃப்.எஃப்.ஓ.வை வரையறுத்தது. நிகர லாபத்தோடு கட்டடத் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, சொத்து விற்றதில் வந்த லாபத்தை எடுத்துவிட வேண்டும். கிடங்குக் கம்பெனிக்கு இது ஓரளவு போதும். மாலுக்குப் போதாது.

ஏன் என்று ஒரே ஒரு கடையை வைத்துப் பார்க்கலாம். பத்து வருடக் குத்தகை முடிந்து ஒரு துணிக்கடை காலி செய்கிறது. புதிதாக வருகிறவர் உள்வேலைக்கு மால்காரரிடமே பணம் கேட்கிறார். சில நேரம் ஒரு வருட வாடகைக்கு மேல். தரகருக்கு கமிஷன் தனி. வேலை முடியும்வரை சில மாதம் வாடகை வராது, திறந்த பிறகும் சில மாதம் இலவசம். ஆனால் கணக்குப் புத்தகம் குத்தகைக் காலம் முழுவதற்குமான வாடகையைச் சமமாகப் பிரித்து, இலவச மாதங்களிலும் வருமானம் எழுதும். கொடுத்த உள்வேலைப் பணமும் கமிஷனும் சொத்தாகப் பதிவாகி மெல்லத் தேயும். அந்தத் தேய்மானம் பெரும்பாலும் எஃப்.எஃப்.ஓ.வில் திரும்பக் கூட்டப்பட்டுவிடும். ஆக, கையை விட்டுப் போன பணம் எஃப்.எஃப்.ஓ.வின் எந்த வரியிலும் தலைகாட்டாது. எஸ்கலேட்டர் மாற்றுவது, கூரையைப் புதிதாகப் போடுவது, ஏசி சில்லர், வண்டி நிறுத்துமிடத்துக்குத் தார் என்று பெரிய பராமரிப்புகளும் இதே வழியில் மறைந்துவிடும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஒரு கற்பனைக் கம்பெனிக்கு வருமானம் 1,000. மால் நடத்தும் செலவு 350 போக நிகர இயக்க வருமானம் 650. தலைமை அலுவலகச் செலவு 50. கடன் 4,400, வட்டி 5 சதவீதம், அதாவது 220. மிஞ்சுவது 380, இதுதான் எஃப்.எஃப்.ஓ. பங்குதாரருக்குக் கொடுக்கும் டிவிடெண்ட் 250 என்றால் எஃப்.எஃப்.ஓ.வில் 66 சதவீதம்தான். பார்க்க நிம்மதியாக இருக்கும்.

இப்போது உள்வேலைப் பணம் 90, கமிஷன் 20, பெரிய பராமரிப்பு 70, ஏட்டில் மட்டும் இருக்கும் வாடகை 20, எல்லாம் சேர்த்து 200-ஐக் கழியுங்கள். மிஞ்சுவது 180. டிவிடெண்டோ 250. வருடத்துக்கு 70 கடன் வாங்கியோ சொத்து விற்றோ பங்குதாரருக்குக் கொடுக்கிற கம்பெனி இது.

ஏ.எஃப்.எஃப்.ஓ.வுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை இல்லை. கம்பெனி தானே வெளியிடும் எண்ணை அப்படியே எடுக்காமல் சொந்தமாகப் போடுவதே நல்லது. ரொக்கப் பாய்வு அறிக்கையின் முதலீட்டுப் பகுதியில் கட்டடத்துக்கான செலவு இருக்கும். அதைப் பராமரிப்பு, வாடகைதாரருக்குக் கொடுத்தது, மறுகட்டுமானம் என்று பிரிக்கும் அட்டவணை காலாண்டு அறிக்கையோடு வரும் இணைப்பில் கிடைக்கும். இங்கேதான் கைவரிசை நடக்கும். காலியான ஆங்கர் கடையை (மாலுக்குக் கூட்டத்தை இழுக்கும் பெரிய கடை) இடித்து நான்காகப் பிரிப்பதை ‘மறுகட்டுமானம்’ என்று எழுதி ஏ.எஃப்.எஃப்.ஓ.வுக்கு வெளியே தள்ளுவார்கள். புது வாடகை பழையதைவிடக் கணிசமாகக் கூடினால் அது வளர்ச்சிச் செலவு. பழைய வாடகையைத் தக்கவைக்கவே செலவழித்தால் அது பராமரிப்பு. எல்லைக் கோடு எங்கே என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். சந்தேகம் வந்தால் பாதியைக் கழித்துவிடுவது என் பழக்கம். மறுகட்டுமானத்தின்போது சொத்துக் கணக்கில் ஏற்றப்பட்ட வட்டியையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். கூட்டு நிறுவனங்களில் இருக்கும் கடன் கம்பெனியின் சொந்தக் கடன் வரியில் தெரியாது. பங்கு விகிதப்படி எடுத்துக் கூட்ட வேண்டும்.

என்.ஏ.வி.க்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு: சொத்தை விற்றால் என்ன தேறும் என்ற கேள்விக்கு வேறு பதில் கிடையாது. ஆனால் அந்த எண் முழுக்க ஒரு விகிதத்தில் தொங்குகிறது: நிகர இயக்க வருமானம் சொத்து விலையில் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பது. நம் கம்பெனியின் 650-ஐ 6 சதவீதத்தால் வகுத்தால் சொத்து 10,833. கடன் அதில் 41 சதவீதம். 8 சதவீதம் என்றால் 8,125; கடன் 54 சதவீதம். 10 சதவீதத்துக்குப் போனால் 6,500. கடன் 68 சதவீதம். வாடகை ஒரு ரூபாய்கூடக் குறையாமலே பத்திரமான கம்பெனி, சொத்து மதிப்பில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கடன் போகக் கூடாது என்ற நிபந்தனையை மீறிய கம்பெனி ஆகிவிடலாம். டிராஃபர்ட் சென்டர், லேக்சைடு போன்ற பெரிய மால்களை வைத்திருந்த பிரிட்டனின் இன்டு கம்பெனி 2020 ஜூனில் நொடித்து, திவால் நிர்வாகிகள் கைக்குப் போனதற்குக் கடன் சுமையும் சரிந்த மதிப்பீடுகளும் முக்கியக் காரணங்கள். அதோடு, மால் விற்பனை அரிதான காலத்தில் மதிப்பீட்டாளருக்கே ஒப்பிட விலை கிடைக்காது. அறிக்கையில் உள்ள மதிப்பு சந்தைக்குப் பின்தங்கியிருக்கும்.

ஏ.எஃப்.எஃப்.ஓ.வும் தனியாக நின்று காப்பாற்றாது. அமெரிக்க மால் கம்பெனியான ஜெனரல் குரோத் பிராபர்ட்டீஸ் 2009 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கேட்டபோது மால்கள் வெறிச்சோடிக் கிடக்கவில்லை. சுமார் 27 பில்லியன் டாலர் கடனில் தவணை வந்த பகுதியைப் புதுப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் ஏ.எஃப்.எஃப்.ஓ. போட்ட கையோடு கடன் முதிர்வு அட்டவணையையும் எடுங்கள். நம் கம்பெனியின் 4,400 முழுவதும் 8 சதவீதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டால் வட்டி 352. ஏ.எஃப்.எஃப்.ஓ. 180-லிருந்து 48-க்கு விழுகிறது. அடுத்த மூன்று வருடத்தில் முதிர்வது எவ்வளவோ அந்தப் பங்குக்கு மட்டும் இதே கணக்கைப் போட்டால் போதும்.

இன்னொரு குறை, நலிந்த கம்பெனி செலவை நிறுத்தியே ஏ.எஃப்.எஃப்.ஓ.வை அழகாகக் காட்டலாம். உள்வேலைப் பணம் கொடுக்காவிட்டால் நல்ல பிராண்டு வராது; அந்த இடத்தில் மூன்று மாதத்துக்குக் கைபேசி உறை விற்கிறவரை உட்கார வைப்பார்கள். நிரம்பிய சதவீதம் 93 என்றே அறிக்கையில் நிற்கும். அதனால் தற்காலிக வாடகைதாரர் எத்தனை சதவீதம் என்று தனியாகப் பாருங்கள். புதுப்பித்த குத்தகைகளின் வாடகை ஏறியதா என்பதைச் குத்தகைக் காலச் சராசரியில் அல்லாமல் முதல் வருட ரொக்க வாடகையில் பாருங்கள். சிறு கடைகளின் குத்தகையில் ஆங்கர் கடை போனால் வாடகை குறையும் என்ற நிபந்தனை உண்டா என்றும் தேடுங்கள். ஒரு பெரிய கடை மூடினால் அதைச் சுற்றியுள்ள பத்துக் கடை வாடகையும் சேர்ந்து சரிவது இதனால்தான். மூன்று வருட எண்களை வரிசையாக வைத்து, சதுர அடிக்கான பராமரிப்புச் செலவு இறங்க, தற்காலிகக் கடைகளின் பங்கு ஏறினால், அந்த ஏ.எஃப்.எஃப்.ஓ.வை நான் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.