மிடி திருத்தம்: பதிவுக்கு முன்பா, பின்பா?

தப்புப் பறையின் அடிகளைச் சாம்பிள்களாக்கி (பதிந்த ஒலித்துண்டுகளாக்கி), மிடி பேடில் (அடிகளை ஒலியாக அன்றி எண்களாகக் கணினிக்கு அனுப்பும் தட்டுப் பலகையில்) வாசித்துக் காமன் கூத்துப் பாடலொன்றைப் பதிய விரும்பும் மலையகக் கலைஞர், அடியின் வலுவைக் குறிக்கும் வெலாசிட்டியைத் திருத்தும் கருவியை எங்கே பொருத்துவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கியூபேஸ், ரீப்பர், லொஜிக் ஆகிய இசைப்பதிவு மென்பொருள்களைப் பார்ப்போம். கியூபேஸின் இன்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ரீப்பரின் இன்புட் எஃப்எக்ஸும் பதிவுக்கு முன்பே மிடி செய்தியை (அடியைப் பற்றிய தகவலை) மாற்றுவதால், மாறிய எண்ணே தடத்தில் (டிராக்கில்) விழுகிறது. கியூபேஸின் மிடி இன்சர்ட்டும் ரீப்பரின் வழமையான டிராக் எஃப்எக்ஸும் வாசித்ததை அப்படியே விட்டுவிட்டு, ஒலிக்கும்போது மட்டும் மாற்றுகின்றன. லொஜிக்கில் இரண்டும் உண்டு: என்விரோன்மென்ட் என்ற இணைப்புச் சாளரத்தில் ஃபிசிக்கல் இன்புட்டுக்கும் சீக்குவென்சர் இன்புட்டுக்கும் இடையே டிரான்ஸ்ஃபார்மரை இணைத்தால் அது முதல் வகை, 2013இல் லொஜிக் புரோ எக்ஸுடன் வந்த மிடி எஃப்எக்ஸ் பொதுவாக இரண்டாம் வகை.

வேறுபாடு சிறியதன்று. பேடின் அடிகள் மெலிதாக விழுகின்றன என்று எல்லாவற்றுடனும் 20ஐக் கூட்டினால், வெலாசிட்டியின் உச்சம் 127 என்பதால், 107க்கு மேற்பட்ட அடிகள் அனைத்தும் 127 ஆகிவிடுகின்றன. ஓங்கி அடித்ததற்கும் அதற்குச் சற்றே குறைந்ததற்கும் இருந்த வித்தியாசம் அழிந்துபோகிறது. இது பதிவுக்கு முன்பு நடந்திருந்தால் மீட்க வழியில்லை. பின்பு நடந்திருந்தால் கூட்டலை நீக்கிவிட்டு, மெல்லிய அடிகளை மட்டும் உயர்த்தும் அமைப்புக்கு மாறலாம். (சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுவோருக்கு ஒன்று: வெலாசிட்டி 0 கொண்ட நோட் ஆன் (சுரத்தைத் தொடங்கும்) செய்தி, நோட் ஆஃப் (சுரத்தை நிறுத்தும்) செய்தி என்றே கொள்ளப்படும், அதனுடனும் 20ஐக் கூட்டினால் சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.)

முன்கூட்டிய திருத்தத்துக்கும் ஒரு பலம் உண்டு. பண்டாரவளையில் வேறு மென்பொருள் வைத்திருக்கும் நண்பருக்கு மிடி கோப்பாக அனுப்பும்போது, தடத்தில் பதிந்த எண்கள் கூடவே போகும். எஃபெக்ட் கருவி போகாது. ஆயினும் இதற்காக மட்டும் முன் திருத்தத்தைத் தேர்வது தேவையற்றது என்பேன். டிராக் எஃப்எக்ஸின் விளைவை மிடியாகவே புதிய டேக்கில் (அதே பகுதியின் இன்னொரு பதிவில்) எழுதும் கட்டளை ரீப்பரில் இருக்கிறது. மூல டேக்கும் அழியாது.

ஆகவே, பயன்படாத ஆஃப்டர்டச் (அடித்தபின் தரும் அழுத்தத்தைக் குறிக்கும்) செய்திகளை வடிகட்டுவது, தவறான சேனலை மாற்றுவது போன்ற, இரசனைக்கு இடமில்லாத வேலைகளை உள்ளீட்டிலேயே முடித்துவிடலாம். வெலாசிட்டியைப் பதிவுக்குப் பின், தடத்தில் வைத்துத் திருத்துவதே நல்லது.