தண்டர்போல்ட்டா, இசட்3801ஏவா?

இரண்டுமே ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத் தங்களைத் திருத்திக்கொண்டு துல்லியமான 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னலும் நேரமும் தரும் பழைய பெட்டிகள். கம்ப்யூட்டர் கடிகாரம் சரியாக ஓடினால் போதும் என்பவர்கள் இரண்டையுமே வாங்க வேண்டாம். நொடிக்கொரு துடிப்பு தரும் சின்ன யூபிளாக்ஸ் ஜிபிஎஸ் மாட்யூலை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் இணைத்தாலே மைக்ரோநொடிக் கணக்கில் நேரம் கிடைத்துவிடும். ஃப்ரீக்வன்சி கவுன்ட்டருக்கோ ரேடியோவுக்கோ அசையாத 10 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தப் பழைய சரக்கு.

ட்ரிம்பிளின் தண்டர்போல்ட், ஹெச்பியின் இசட்3801ஏ. அதிகம் அடிபடும் பெயர்கள் இவை. இரண்டின் அடிப்படையும் ஒன்றே: ஓவன் எனப்படும் சூடான சிறு கூட்டுக்குள் ஒரே சூட்டில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு நொடி நிலையாக அதிரும், நாள்போக்கில் அது விலகிவிடாமல் ஜிபிஎஸ் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

குவார்ட்ஸை மட்டும் பார்த்தால் ஹெச்பிதான் ஒரு படி மேல். 1990களில் சிடிஎம்ஏ செல்போன் கோபுரங்களுக்காகச் செய்தது அது. ஜிபிஎஸ் சிக்னல் போனாலும் கோபுரம் மணிக்கணக்கில் நேரம் தவறக் கூடாது என்பதால் 10811 ரக குவார்ட்ஸ் ஆசிலேட்டரை (அதிர்வு தரும் பகுதி) இரட்டை ஓவனோடு வைத்தார்கள். ஆனால் வீட்டு மேசையில் அதற்கு மின்சாரம் கொடுப்பதே பெரும்பாடு. 24 வோல்ட்டில் ஓடுவதும் உண்டு, 48 வோல்ட் டெலிகாம் சப்ளைக்கானதும் உண்டு. லேபிளைப் படிக்காமல் வயரை மாட்டிவிடாதீர்கள். சீரியல் போர்ட்டும் ஆர்எஸ்-422, கம்ப்யூட்டரின் வழக்கமான ஆர்எஸ்-232 அல்ல. கன்வெர்ட்டர் வாங்க வேண்டும், அல்லது பெட்டியைத் திறந்து உள்ளே மாற்ற வேண்டும்.

தண்டர்போல்ட் கேட்பது +5, +12, -12 வோல்ட். பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸில் மூன்றும் கிடைக்கும்தான், ஆனால் அதன் இரைச்சல் 10 மெகாஹெர்ட்ஸில் வந்து ஒட்டிக்கொள்ளும். லீனியர் சப்ளை நல்லது. ஆன்டெனாவுக்கு எஃப் கனெக்டர் என்பதால் கேபிள் டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 வயரே போதும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு விஷயம்: உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் ரிசீவரே அந்த ஓவன் ஆசிலேட்டரில்தான் ஓடுகிறது. தனிக் கடிகாரத்தில் ஓடும் ரிசீவர்களின் நொடித் துடிப்பு கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளிப்போகும் ரம்பப்பல் ஆட்டம் இதில் கிடையாது. லேடி ஹெதர் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் திரையில் பார்க்கலாம், ஜிபிஎஸ் படிகத்தை எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டைம் கான்ஸ்டன்ட்டையும் மாற்றலாம்.

ஒரு குறை உண்டு. ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்புவதால், 2017 ஜூலை 30 முதல் தண்டர்போல்ட் தேதியை ஏறக்குறைய 20 ஆண்டு பின்னால் காட்டுகிறது. லேடி ஹெதர் அதைத் திருத்திக்கொள்ளும். அதிர்வெண்ணுக்கு ஒன்றும் ஆகாது. சிக்னல் அடிக்கடி அறுபடும் இடம் என்றால் ஹெச்பி, மற்றவர்களுக்கு தண்டர்போல்ட் என்பேன்.

ருபிடியம் அணுக் கடிகாரம் வாங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஆன்டெனா வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் அதன் விளக்குக்கு ஆயுள் உண்டு; ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுச் சரிசெய்யாவிட்டால் மெல்ல விலகவும் செய்யும்.

எதை வாங்கினாலும், விற்பவரிடம் ஜிபிஎஸ்ஸோடு லாக் ஆன நிலையில் ஆசிலேட்டரை இழுத்துப் பிடிக்கும் கன்ட்ரோல் வோல்டேஜ் எவ்வளவு என்று கேளுங்கள். அது எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தால் படிகம் வயதாகி விலகிவிட்டது, ஜிபிஎஸ் இழுப்பதற்கு இனி இடமில்லை. சரி, நல்லதாகவே வந்து சேர்ந்தாலும் உடனே அளக்க உட்காராதீர்கள். நீண்ட நாள் அணைந்து கிடந்த ஓவன் அடங்கச் சில நாள் ஆகும்.