அலமாரியில் எது, ஆஸ்பத்திரியில் எது: அயோடைடும் பிரஷ்யன் புளூவும்

அணு விபத்து நடந்தால் என்ன மருந்து கையில் இருக்க வேண்டும் என்று ரொம்ப நாள் மண்டையைக் குடைந்துவிட்டு, கடைசியில் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையை மட்டும் வாங்கி வைத்தேன். எல்லாக் கதிர்வீச்சுக்கும் ஒரே மருந்து என்று ஒன்று கிடையவே கிடையாது. அயோடைடு காப்பது தைராய்டை மட்டும், அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும். பிரஷ்யன் புளூ என்கிற நீல மருந்து, உடம்புக்குள் போன சீசியம், தாலியம் என்ற இரண்டு உலோகங்களுக்கு. டிடிபிஏ என்கிற மருந்து புளூட்டோனியம், அமெரிசியம் மாதிரியான கதிரியக்க உலோகங்களுக்கு. அது பெரும்பாலும் ரத்தக்குழாயில் ஊசியாகப் போடுவது, வீட்டில் வைத்து என்ன செய்ய?

ஆக, போட்டி முதல் இரண்டுக்கும்தான். எனக்கு முடிவைச் சொன்னது கடிகாரம். தைராய்டு நல்ல அயோடின், கெட்ட அயோடின் என்று பார்க்காது, வந்ததை இழுத்துக்கொள்ளும். மாத்திரையில் இருப்பது நல்ல அயோடின், அது செய்வது துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை. ஆனால் துண்டை முன்னாலேயே போட வேண்டும்: கதிரியக்க அயோடின் உடம்பில் சேர்வதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், தப்பினால் சேர ஆரம்பித்து 2 மணி நேரத்துக்குள். 8 மணி நேரம் வரைகூடப் போடலாம் என்கிறார்கள். ஒரு நாள் தாண்டிப் போட்டால் நல்லதைவிடக் கெடுதல் அதிகமாகலாம், ஏற்கெனவே உள்ளே போனது வெளியேறுவதை அது தாமதப்படுத்தும். ஊரே பதறி ஓடுகிற நேரத்தில் இதற்காக எங்கே போய் வரிசையில் நிற்பது?

பிரஷ்யன் புளூவுக்கு அந்த அவசரம் இல்லை. சீக்கிரம் தொடங்கினால் நல்லதுதான், ஆனால் தாமதமானாலும் வேலை செய்யும். குடலுக்கு வருகிற சீசியத்தைப் பிடித்து மலத்தோடு தள்ளிவிடும். உடம்பில் சீசியம் பாதியாகக் குறைய 110 நாள் ஆவது, சுமார் 30 நாளாகிறது. 1987-ல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவி ஒன்றிலிருந்த சீசியம்-137 ஊருக்குள் பரவியபோது, விஷயம் வெளியே தெரியவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கப்புறம் 46 பேருக்கு இதைக் கொடுத்தார்கள், பலனும் இருந்தது. இதை டாக்டர் பார்த்துக் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மலச்சிக்கல் வரும், பொட்டாசியம் குறையலாம், அளவெடுத்துப் பார்த்துக்கொண்டே தர வேண்டிய மருந்து. (மலம் நீலமாகப் போகும், பயப்பட வேண்டாம். ஓவியம் வரைகிற அதே பெயர் சாயத்தைத் தின்னவும் வேண்டாம்.)

நான் இதுவரை அயோடைடு விழுங்கியதில்லை, எனவே வயிற்றுக்கு எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. நாற்பது தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் முதலிடம். தைராய்டு கோளாறு இருப்பவர்கள் இப்போதே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. என் டப்பா மேல் அளவை எழுதி ஒட்டியிருக்கிறேன்: பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயதுக்கு 65. அதற்குக் கீழே காலாவதி தேதி, அதற்கும் கீழே பெரிய எழுத்தில், 'அறிவிப்பு வந்தால் மட்டும்'.