ஐந்தே முக்கால் பவுண் பற்றரி

போன கிழமை என் டோர்ச் பற்றரிக்கு மேலுறை மாற்றினேன். படத்தைக் குழுவில் போட்டதும் டுபாயில் இருந்து லீவில் வந்திருக்கும் மச்சான் ஒருவன் பிடித்துக்கொண்டான்: "என்ட வேப்புக்கும் இதே சைஸ்தான். எங்க வாங்கினாய்? புறக்கோட்டையில ஒரிஜினல் இருக்கா?" வேப், அதாவது மின் சிகரெட், விற்பதற்கு இலங்கையில் தடை, நான் அதைத் தொடுவதும் இல்லை. ஆனால் பற்றரி ஒன்றுதான். 18650, அதாவது 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். குரல் பதிவில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது சாம்சங் 30க்யூ. இளஞ்சிவப்பு உறை, கொள்ளளவு 3,000 மில்லி அம்பியர் மணி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த வருடம் கனடாவில் இருந்து வந்த அத்தான் கைப்பையில் கொண்டு வந்தது. கைப்பையில்தான் வரவேண்டும். உதிரி லிதியம் பற்றரியைப் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்ப விமானத்தில் அனுமதி இல்லை.

அதன் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே நின்ற ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கும். எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியின் படிக்கட்டில் பகலிலும் இருட்டுத்தான். அன்று மேலும் கீழும் போன சனத்துக்கெல்லாம் இந்த ஒற்றைப் பற்றரிதான் வெளிச்சம் காட்டியது. புதிதில் சார்ஜரில் அளந்தபோது 2,950ஐ ஒட்டி நின்றது, இப்போது 2,700 சொச்சம். இத்தனை வருடத்துக்கு இது நல்ல கணக்கு. கடற்காற்றில் டோர்ச்சின் ஸ்பிரிங் இரண்டு தடவை துருப்பிடித்துவிட்டது, பற்றரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரச்சினை இரண்டாவது பற்றரி தேடியபோதுதான் தொடங்கியது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் நீலம், சிவப்பு, பச்சை என்று வரிசையாகக் கிடக்கிறது. ஒன்றில் 9,900 என்று அச்சடித்திருக்கிறது. "ஒரிஜினலா?" என்று கேட்டேன். கடைக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "சைனா ஒரிஜினலும் இருக்கு, சைனா டூப்ளிகேட்டும் இருக்கு தம்பி, எது வேணும்?" நேர்மையான மனிசன். கோபித்துக்கொள்ளக்கூட வழி விடவில்லை.

ஆனால் அந்த 9,900 மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இந்த அளவு உருளைக்குள் 3,500 அடைப்பதே பெரிய தொழிற்சாலைகளின் வித்தை. பொய் சொல்வதென்றால் 3,600 என்று சொல்லலாம், நம்பியிருப்பேன். 9,900 என்று போடுகிறவன் நம்மை என்ன நினைக்கிறான்?

சோதிப்பதற்காகவே ஒன்று வாங்கினேன், விலை சில நூறு ரூபாதான். பக்கத்திலேயே செட்டியார் தெரு. தெரிந்த நகைக்கடையில் இரண்டையும் தராசில் வைக்கக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே முதலில் என்னுடையதை வைத்தார். 46 கிராம். "ஐந்தே முக்கால் பவுண், இது தங்கமாக இருந்தால் உங்கட தங்கச்சியின் கலியாணம் முடிந்தது" என்றார். அடுத்தது அந்த 9,900. 27 கிராம்! உள்ளே பாதி காற்று. வீட்டில் சார்ஜரில் அளந்தால் 700ஐத் தாண்டவில்லை. நல்ல 18650 ஏறக்குறைய 44 முதல் 49 கிராம் வரை இருக்கும். அதற்குக் கீழே என்றால் பேச்சே வேண்டாம். அதற்காக எடை சரியாக இருந்தால் பொருளும் சரி என்று ஆகாது. சின்னப் பற்றரியைச் சுற்றித் தூள் நிரப்பி எடை கூட்டுகிற கெட்டிக்காரரும் இருக்கிறார்கள். பழைய மடிக்கணினியில் கழற்றிய பற்றரிக்குப் புது உறை போட்டால் தராசுக்கு என்ன தெரியும்?

அந்த உறையிடம்தான் வருகிறேன். என் பற்றரியின் உறை மேல் விளிம்பில் கிழிந்திருந்தது. டோர்ச் குழாயின் மரை ஒவ்வொரு தடவையும் உரசி உரசி வந்த வினை. சின்னக் கிழிசல்தானே என்று விடமுடியாது. இந்தப் பற்றரியின் உடம்பு முழுக்க, பக்கம், அடி, மேல் விளிம்பு எல்லாமே மறை (மைனஸ்) முனை. நேர் முனை நடுவில் இருக்கும் அந்தச் சின்ன மூடி மட்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடைவெளியும், ஒரு வெள்ளைக் கடதாசி வளையமும், இந்த மெல்லிய பிளாஸ்டிக்கும்தான். அங்கே ஒரு உலோகம் பாலம் போட்டால் டோர்ச் சுவிட்ச் எதையும் தடுக்காது. காற்சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் பற்றரி போட்டுக்கொண்டு திரிந்து தொடை வெந்தவர்கள் கதை இதுதான். ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி போதும், பையில் பற்றரி தனியாக இருக்கக்கூடாது.

சரி, உறை வாங்கப் போனேன். எங்கே கிடைத்தது? அதே முதலாம் குறுக்குத் தெருவில், மூன்று கடை தள்ளி. வெட்டித் தருகிறார்கள், எந்த நிறமும் இருக்கிறது. பழையதை உரித்து, வளையத்தைப் புதிதாக வைத்து, 70 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டிய குழாயைப் போட்டு, அக்காவின் தலை உலர்த்தும் மெஷினைக் காட்டினேன். சுருங்கிக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. முழு வேலையும் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. போலி செய்கிறவனுக்கும் இவ்வளவுதான் வேலை! இப்போது என்னிடம் இருப்பது எழுத்தில்லாத நீல உருளை. கொழும்பிலேயே நான் நம்புகிற ஒரே பற்றரி பார்வைக்கு முழுப் போலி. இதை யாருக்கும் விற்கமுடியாது, நானே கடையில் பார்த்தால் வாங்கமாட்டேன்.

இனி மச்சானுக்கு. நான் இவ்வளவு புகழ்ந்த 30க்யூ உன் வேப்புக்கு ஆகாது. என் டோர்ச் அதிகபட்ச வெளிச்சத்தில் மூன்று, நான்கு அம்பியர் இழுக்கும். உன்னுடையது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்கிட் இல்லாத வெறும் குழாய், 0.2 ஓம் கொயில் போடுகிறாய். முழு சார்ஜ் 4.2 வோல்ட், 0.2ஆல் பிரித்துப் பார்: 21 அம்பியர். 30க்யூவில் இருந்து தொடர்ந்து இழுக்கலாம் என்று சொன்ன அளவு 15 அம்பியர். அதே சாம்சங்கின் 25ஆர் 20 அம்பியர், அதுவும் பற்றாது. தாய்வானின் மொலிசெல் பி28ஏ 35 அம்பியர் என்கிறது, கொள்ளளவு 2,800தான். பெரிய கொள்ளளவும் பெரிய அம்பியரும் ஒரே உருளையில் உச்சத்தில் கிடைக்காது. இரண்டையும் தருகிறேன் என்று அச்சடித்திருந்தால் இரண்டும் பொய். "சோனி, புதுச் சரக்கு" என்று எவராவது நீட்டினாலும் யோசி, சோனி தன் பற்றரித் தொழிலை 2017இலேயே முராட்டாவிடம் விற்றுவிட்டது. முதலில் அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு சர்க்கிட் உள்ள ஒன்றைப் பார். அதைவிட, விட்டுவிட்டால் இன்னும் நல்லது. சொன்னால் கேட்கவா போகிறாய்?

இன்னொரு எரிச்சல். சாம்சங்கோ எல்ஜியோ இந்தப் பற்றரியை நம்மைப் போன்றவர்களுக்காகச் செய்வதே இல்லை. பாதுகாப்புச் சர்க்கிட்டோடு பெரிய பொதிகளுக்குள் அடைக்கத்தான் செய்கிறார்கள். உதிரியாக, அதுவும் வேப்பில், பாவிக்கவேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழுவும் 2021இல் உதிரி 18650 வாங்கவே வேண்டாம் என்று எச்சரித்தது. அதாவது நான் கொண்டாடுகிற பொருளுக்கு அதைச் செய்தவனே பொறுப்பில்லை. திருத்தப் போனால் உத்தரவாதம் கேட்க ஆளும் இல்லை.

ஆகவே பற்றரிக்கு முழுப் புள்ளி. ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு டோர்ச்சுக்கு 18650 தேடுகிறவருக்கு என் பதில்: தேடவேண்டாம். வெளிநாட்டில் நல்ல கடை தெரிந்த அத்தான் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் பற்றரி உள்ளேயே பதித்த, யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும் டோர்ச் ஒன்றை வாங்கிவிடுங்கள். வெளிச்சம் குறைவு, பற்றரி போனால் டோர்ச்சையும் எறியவேண்டும், எனக்கு அந்தச் சாமானைக் கண்டாலே பிடிக்காது. அக்காவுக்குப் போன மாதம் அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன்.