அதிபரும் மக்கள் கருத்தும்: டர்பனில் ஒரு வழி, ரீயூனியனில் இன்னொரு வழி

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழர் தென்னாப்பிரிக்க அதிபருக்கு நேராக வாக்களிப்பதில்லை. வாக்குச்சீட்டில் தலைவரின் படம் இருப்பதால் பலர் அப்படி நினைத்துவிடுகிறார்கள். வாக்கு போவது கட்சிக்கு. அதிபரைத் தேர்வது 400 பேர் கொண்ட தேசியப் பேரவை. இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் தமிழரோ பிரான்ஸ் அதிபருக்கே வாக்களிக்கிறார். முதல் சுற்றில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், இரு வாரம் கழித்து முதல் இருவருக்கிடையே மறுசுற்று.

நேரடி வாக்குதான் மக்களுக்கு நெருக்கம் என்று தோன்றும். தேர்தல் நாளில் அது சரி. அதன்பின் 5 ஆண்டுக்கு அதிபரை அசைப்பது கடினம். நீக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2018இல் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்துப் பிரான்ஸில் எழுந்த மஞ்சள் அங்கிப் போராட்டம் தீவையே முடக்கியது. வரி உயர்வு கைவிடப்பட்டது, அதிபர் மக்ரோன் நீடித்தார். தீவின் குரல் தனியாக எடுபடுவதும் இல்லை: 2022 இறுதிச் சுற்றில் ரீயூனியனில் அவரை எதிர்த்த லெ பென்னுக்கு 60 சதவீதத்தை ஒட்டிய வாக்கு, வென்றவர் மக்ரோன்.

தென்னாப்பிரிக்காவில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு 201 வாக்கு போதும். ஆனால் 2017 ஆகஸ்டில், ரகசிய வாக்கெடுப்பிலும், அப்போதைய அதிபர் ஸூமாவுக்கு எதிராக 177தான் விழுந்தது. உண்மையான அழுத்தம் கட்சி வழியாகவே வருகிறது. 2008இல் அதிபர் எம்பெக்கியும் 2018இல் ஸூமாவும் அவர்களின் கட்சியான ஏ.என்.சி. (ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ்) கைவிட்டதும் விலகினார்கள். பதவிக்காலத்தின் நடுவில் அதிபரை மாற்ற இந்த முறையே மேல் என்பது எங்கள் கருத்து. 2024இல் ஏ.என்.சி. 40 சதவீதத்துக்குச் சரிந்தபோது, அதன் தலைவர் ரமபோசா பிற கட்சிகளின் வாக்கால்தான் மீண்டும் அதிபரானார்.