ரெடிமேட் செட்டா, அசெம்பிள் செட்டா? தக்கலையில் ஒரு பதில், முட்டத்தில் ஒரு பதில்

எங்கள் குடும்பத்தில் கேமிங் கணினி இரண்டு இருக்கிறது. ஒன்று தக்கலையில் என் வீட்டு மாடி அறையில், 2023 டிசம்பரில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, நானே பாய் விரித்து உட்கார்ந்து பூட்டியது, அதாவது அசெம்பிள் செட். இன்னொன்று முட்டத்தில் அக்கா வீட்டில், அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒயரைச் சொருகியதும் ஓடத் தொடங்கிய பிராண்டட் செட், அதாவது கம்பெனியே பூட்டி விற்கிற ரெடிமேட். மகனுக்காக அவன் அப்பா மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கியது. இரண்டுக்கும் மூன்று மாத வித்தியாசம்தான். விளையாட்டுப் படத்தைத் திரையில் வரைகிற கிராபிக்ஸ் கார்டு இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060தான்.

இப்போது குலசேகரத்திலிருந்து மச்சினன் கேட்கிறான்: "அத்தான், எது வாங்கட்டும்? ஒரே வரியில சொல்லுங்க." அந்த ஒரு வரி கிடைக்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எல்லோரும் முதலில் கேட்பது காசு. தனித்தனியாக வாங்கிப் பூட்டினால் மிச்சம் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் விண்டோஸ் விலையைச் சேர்ப்பதே இல்லை. பிராண்டட் செட்டில் அது உள்ளேயே வந்துவிடும். அசெம்பிள் செட்டுக்கு ஒழுங்கான லைசென்ஸ் வாங்கினால் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். நூற்றுச் சொச்ச ரூபாய்க்கு இணையத்தில் விற்கிற கீயை வைத்துக் கணக்குப் போட்டால் யாருக்கும் மிச்சம்தான்.

ரெடிமேட் செட்டில் கம்பெனிக்காரன் எங்கே கை வைப்பான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற பிராசசரிலும் கிராபிக்ஸ் கார்டிலும் வைக்க மாட்டான். யாரும் கேட்காத மூன்று இடங்களில் வைப்பான்: எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி), மதர்போர்டு (எல்லாப் பாகத்தையும் சொருகும் பலகை), ராம் (ஓடுகிற வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி). அக்கா மகன் செட்டில் 16 ஜிபி ராம் என்று எழுதியிருந்தது. எழுதியது பொய்யில்லை. திறந்து பார்த்தால் ஒரே ஸ்டிக்கில் 16. எட்டும் எட்டுமாக இரண்டு போட்டிருந்தால் பிராசசருக்கு ராமோடு பேச இரண்டு வழி கிடைத்திருக்கும். ஒன்றைப் போட்டால் ஒரு வழி. கொள்ளளவு அதேதான், போக்குவரத்து பாதி. விளையாட்டில் சராசரி வேகம் பரவாயில்லாமல் இருக்கும், கூட்டமான சண்டைக் காட்சி வந்ததும் படம் திக்கித் திக்கி நிற்கும். "மாமா, நெட் ஸ்லோவா இருக்கு" என்று பையன் இரண்டு மாதம் பிராட்பேண்ட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தான். அதே அளவில் இன்னொரு ஸ்டிக் வாங்கிச் சொருகினேன், சரியாகிவிட்டது.

ஆனால் காசு விஷயத்தில் நான் இரண்டு வருடமாகச் சொல்லிவந்ததை இப்போது அப்படியே சொல்ல முடியவில்லை. 2023-ல் நான் 16 ஜிபி டிடிஆர்4 வகை ராம் வாங்கியது மூவாயிரத்துச் சொச்சத்துக்கு. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றம், மல்லிகைப்பூ முகூர்த்த நாளில் ஏறுவதைத் தோற்கடித்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை மொத்தமாக அள்ளுகின்றன. தயாரிப்பவர்களும் லாபம் அதிகமுள்ள அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் கம்பெனி, குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ராமும், ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியும் விற்பதையே விட்டுவிடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இப்படி ஒரு நேரத்தில், பழைய விலைக்கு வாங்கிப் போட்ட ராமோடு கடையில் நிற்கிற ரெடிமேட் செட், தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகவே கிடைக்கலாம். 2021-லும் இதே கதைதான். அப்போது கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டை அள்ளிக்கொண்டு போனார்கள். கார்டு வேண்டும் என்பதற்காகவே முழு செட்டாக வாங்கியவர்கள் உண்டு. அதனால் போன வருட யூடியூப் வீடியோவின் விலைப்பட்டியலை நம்பாதீர்கள். வாங்கப் போகிற அன்றைக்குக் கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது, பூட்டுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடியோவில் இருபது நிமிடத்தில் முடிகிறது. எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. பிராசசரை வைப்பது பயம் காட்டுகிற வேலை, ஆனால் சுலபம். தங்க முக்கோணக் குறியைப் பொருத்தி வைத்தால் தானாக உட்காரும், அழுத்தவே கூடாது. ராமுக்கு நேர்மாறு: பயந்து பயந்து அழுத்தினால் உட்காராது, டக்கென்று சத்தம் கேட்க வேண்டும். உண்மையில் கண்ணைக் கட்டியது கேபினெட் முன்பக்கத்திலிருந்து வரும் பவர் பட்டன் ஒயர்தான். அரிசி பருமனில் நாலைந்து பின், அதில் எழுதியிருப்பதைப் படிக்க மனைவியின் செல்போன் டார்ச் வேண்டியிருந்தது.

ராத்திரி எட்டரைக்கு சுவிட்சைப் போட்டேன். ஃபேன் எல்லாம் சுற்றியது, விளக்கு எல்லாம் எரிந்தது, மானிட்டர் மட்டும் கறுப்பு. ராமைக் கழற்றி மாட்டினேன். கார்டைக் கழற்றி மாட்டினேன். நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் எச்டிஎம்ஐ ஒயரைக் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகி வைத்திருக்கிறேன். என் பிராசசர் ரைசன் 5 5600. அதற்குள்ளே கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டு வழியே படம் வரவே வராது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, தோசை ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னாள். இன்னொரு பிழையை ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். 3200 என்று பெட்டியில் போட்டிருந்த ராம் 2666 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற பயாஸ் அமைப்புக்குள் போய், ராமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்பதை நாமே ஆன் செய்ய வேண்டும். ரெடிமேட் செட்காரனை ஒரு ஸ்டிக் போட்டான் என்று குறை சொன்ன நான், இரண்டு ஸ்டிக் போட்டும் ஒரு மாதம் முழு வேகத்தைப் பார்க்கவில்லை.

விளக்கு அலங்காரம், கண்ணாடிக் கதவு எல்லாம் அவரவர் இஷ்டம். கோட்டாறு சவேரியார் திருவிழாப் பந்தல் மாதிரி மின்னுகிற செட் இரண்டு வழியிலும் கிடைக்கும்.

சரி, கெட்டுப்போகிற நாளுக்கு வருவோம். என் கணக்கில் தேர்வைத் தீர்மானிப்பது அந்த நாள்தான்.

பிராண்டட் செட்டுக்குப் பெரும்பாலும் ஒரு வருட வாரண்டி, ஆனால் வீட்டுக்கே ஆள் வருவார். முட்டத்து செட்டில் எட்டாவது மாதம் எஸ்எஸ்டி போனது. அக்கா போன் செய்தாள், மூன்றாம் நாள் நாகர்கோவிலிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். டீகூடக் குடிக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி எதுவும் தெரியாத அக்காவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அசெம்பிள் செட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி. பிராசசருக்கு மூன்று வருடம், கிராபிக்ஸ் கார்டுக்கும் அநேகமாக மூன்று, நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் ஐந்திலிருந்து பத்து. காலம் நீளம்தான், ஆனால் எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. எனக்கு ஒரு ராம் ஸ்டிக் கெட்டது. விண்டோஸ் பாதியில் நின்று நீலத்திரை வந்து வந்து போனது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து, வாங்கிய கடை வழியாக அனுப்பினேன். திரும்பி வர பத்தொன்பது நாள். ஆனால் அந்தப் பத்தொன்பது நாளும் மீதி ஒரு ஸ்டிக்கில் கணினி ஓடியது.

இதோடு முட்டத்தில் இரண்டாம் வருடம் நடந்ததை வைத்துப் பாருங்கள். வாரண்டி முடிந்து நாலு மாதத்தில் எஸ்எம்பிஎஸ் போனது. சாதாரண செட்டாக இருந்தால் நாகர்கோவிலில் ஏதாவது ஒரு கடையில் அன்றைக்கே வேறு வாங்கிப் போட்டிருக்கலாம். அந்தக் கம்பெனி தன் செட்டுக்கென்றே தனி அளவில் எஸ்எம்பிஎஸ் செய்திருந்தது. மதர்போர்டில் சொருகும் கனெக்டரும் வேறு. கடையில் கிடைத்த எதுவும் அதில் பொருந்தவே இல்லை. பாகம் வெளியூரிலிருந்து வர ஐந்து வாரம். அதுவரை நல்ல கிராபிக்ஸ் கார்டும் நல்ல பிராசசரும் சும்மா கிடந்தன. எல்லா பிராண்டும் இப்படிச் செய்வதில்லை. அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: உள்ளே இருக்கும் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவா? கடைக்காரர் முழித்தால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கென்று சில தொல்லைகள் உண்டு. முதலாவது உப்புக்காற்று. முட்டம், குளச்சல், கன்னியாகுமரி பக்கம் ஜன்னல் கம்பியும் பைக் சைலன்சரும் என்ன கதிக்கு ஆகின்றன என்று தெரியும் அல்லவா, கணினிக்கும் அதேதான். பதினெட்டு மாதத்தில் அக்கா வீட்டு செட்டின் பின்பக்கத் திருகெல்லாம் துரு. கார்டைப் பிடித்திருக்கும் தகடும் துரு. பயன்படுத்தாத யூஎஸ்பி ஓட்டைக்குள் பச்சை பூத்திருந்தது. ஃபேன் கடற்காற்றை இழுத்து இழுத்து உள்ளே விடுகிறது, வேறென்ன நடக்கும்? போதாக்குறைக்கு அக்கா, டிவிக்குப் போடுவது மாதிரி பிளாஸ்டிக் உறை தைத்து, செட் ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டு மூடியிருந்தாள். "தூசி ஏறாண்டாம்னு போட்டேன்டே" என்றாள். கார்டு எரியாமல் இருந்தது யார் புண்ணியமோ. அணைத்து, சூடு ஆறிய பிறகு துணி உறை போட்டால் நல்லது. கடலைப் பார்த்த ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது. துருவுக்கு வாரண்டியில் பொதுவாக இடமில்லை, ரெடிமேட் ஆனாலும் அசெம்பிள் ஆனாலும். ஆனால் நாமே பூட்டினால், நல்ல பெயின்ட் அடித்த கனமான தகட்டுக் கேபினெட்டும், முன்னால் கழுவிப் போடக்கூடிய வலையும் பார்த்து வாங்கலாம்.

இரண்டாவது இடி. ஐப்பசி மாலை இடியில் எல்லோரும் பவர் பிளக்கைப் பிடுங்குகிறோம், மோடத்திலிருந்து கணினிக்கு நெட் கொண்டுவரும் லேன் ஒயரை மறந்துவிடுகிறோம். வீட்டுக்கு நெட் வரும் ஃபைபர் கண்ணாடி இழைதான், அதில் மின்சாரம் வராது. ஆனால் மோடத்துக்கு அடாப்டர் இருக்கிறது. அது வழியாக ஏறுவது லேன் ஒயரில் இறங்கி மதர்போர்டுக்கு வரும். இரண்டையும் பிடுங்குங்கள்.

மூன்றாவது எர்த். பழைய வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் விரலில் விறுவிறுவென்று இருக்கிறதா? செட் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெப்பாசிட்டர்கள் மிச்சத்தை எர்த்தில் விடும். எர்த் இல்லையென்றால் அது தகட்டிலேயே நிற்கும். வயரிங்காரரைக் கூப்பிட வேண்டும்.

யூபிஎஸ் வாங்கும்போதும் கவனம் வேண்டும். கடையில் தருகிற 600 விஏ யூபிஎஸ்ஸின் உண்மையான திராணி பெரும்பாலும் 360 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் என்பதால் என் செட் சமாளிக்கிறது. 250 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 5070 போட்டு விளையாடினால் கரண்ட் போன நொடியில் யூபிஎஸ்ஸும் கூடவே போகும்.

இனி, உண்மையில் நம் ஊரில் அதிகம் பேர் செய்கிற மூன்றாவது வழி: நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடையில் பட்டியல் கொடுத்து அங்கேயே பூட்டி வாங்குவது. எச்டிஎம்ஐ ஒயர் விவகாரமெல்லாம் அவர்கள் தலைவலி. குலசேகரத்து மச்சினனுக்கு நான் சொன்னதும் இதுதான். கடல் தூரம், ரப்பர் தோட்டத்து ஈரம் மட்டும்தான் பயம், கோளாறு என்றால் நான் போய்விடுவேன். அக்கா வீட்டுக்கு மறுபடி வாங்கினாலும் ரெடிமேட்தான் சொல்வேன், வாரண்டியை மூன்று வருடமாக நீட்டக் காசு கட்டி. டெல்லிப் பக்கத்திலிருந்து முழு செட்டாகக் கூரியரில் வரவழைப்பதில் எனக்கு மனசில்லை. கனமான கார்டு நாடு முழுக்கத் தொங்கிக் குலுங்கி வந்து சேர வேண்டும். என் கார்டை சென்னை ரிச்சி தெருவில் வாங்கி கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். மதுரை தாண்டும்வரை தூங்கவில்லை.

கடையில் பூட்டுவதில் ஒரு கண் வைக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ் மேல்தான். கேபினெட்டோடு 'ஃப்ரீ' என்று ஒன்று வரும், ஸ்டிக்கரில் 450 வாட் என்றிருக்கும், கையில் தூக்கினால் எடையே இருக்காது. ஒவ்வொரு பாகத்தின் காலிப் பெட்டியையும் வாங்கிக்கொள், சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் போடச் சொல் என்று மச்சினனிடம் சொல்லி அனுப்பினேன்.

நேற்று மதியம் கடையிலிருந்தே போட்டோ அனுப்பினான். எல்லாம் பட்டியலில் உள்ளபடியே, எஸ்எம்பிஎஸ் மட்டும் வேறு. "அத்தான், நம்ம சொன்னது ஸ்டாக் இல்லியாம். இதுவும் அதே மாதிரிதான்னு அண்ணாச்சி சொல்லுகாரு." எப்போது வரும் என்று கேட்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமையாம். மற்றதையெல்லாம் அங்கேயே வைத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.